காலநிலை மாற்றம் குறித்து மாணவர்களைப் பாடல் எழுத வைப்பது: எங்கிருந்து தொடங்கலாம்?

வகுப்பறைக்கு வெளியே (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 14 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களுக்கு, விடுமுறையில் ஒரு மாத காலம், வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் வீதம் பாடல் எழுதும் பயிலரங்கு ஒன்றை நடத்தும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். பொருள் காலநிலை மாற்றம். மாத இறுதியில் தாங்கள் எழுதியவற்றை அவர்களே ஓர் அவையின் முன் பாட வேண்டும். நான் மொழி ஆசிரியர். யாப்பு ஓரளவு தெரியும். இசையைக் கேட்பதோடு சரி. அறிவியலைப் பள்ளிப் படிப்போடு விட்டுவிட்டேன்.

என் கவலை இதுதான். இதே பொருளில் மாணவர்கள் எழுதிய கவிதைகளைப் போட்டி நடுவராக இருந்து நிறையப் படித்திருக்கிறேன். பெரும்பாலானவை பூமித் தாயைக் காப்போம் என்று தொடங்கி, மரம் நடுவோம் என்று முடியும். எழுதிய பிள்ளைக்கும் எழுதப்பட்ட வரிக்கும் எந்த உறவும் இருப்பதாகத் தோன்றாது. கைதட்டல் கிடைக்கும், மறுநாள் எழுதியவருக்கே அந்த வரி நினைவில் இருக்காது. அத்தகைய பாடல்களை இன்னும் சில எழுதி வாங்குவதற்காக ஒரு மாதத்தைச் செலவிட எனக்கு மனமில்லை. பாட்டு எழுதும் வேலை அவர்களை இந்தப் பொருளுக்குள் உண்மையாகவே இழுத்துச் செல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதல் வகுப்பில் அறிவியலைச் சொல்லிவிட்டு எழுதச் சொல்வதா, எழுதவிட்டுப் பிறகு அறிவியலுக்கு வருவதா? அவர்களுக்குத் தெரிந்த மெட்டுக்கு எழுத வைப்பது எளிது. ஆனால் அது சரியா? இந்தப் பேச்சை எடுத்தாலே முகம் வாடிப்போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை எப்படி நடத்துவது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மூன்றாம் சரணம்

வணக்கம். மேடை நாடகங்களுக்குப் பாடல் எழுதுகிறேன். இளையோருக்கு இத்தகைய பயிலரங்குகளையும் நடத்தி வருகிறேன். உங்கள் முதல் கேள்விக்கு என் விடை: தகவலிலிருந்தும் தொடங்க வேண்டாம், உணர்ச்சியிலிருந்தும் தொடங்க வேண்டாம். அவர்கள் தாமே கவனித்த ஏதாவது ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

'காப்போம்', 'வாரீர்' என்ற வரிகள் சோம்பலால் வருவன அல்ல. எதிர்பார்க்கப்படும் விடையை எழுதியே தேர்ச்சி பெற்றுப் பழகிய பிள்ளைகள், பாட்டிலும் அதையே செய்கிறார்கள். காலநிலை மாற்றம் பற்றி எழுது என்று சொன்னால், காலநிலை மாற்றம் பற்றிப் பெரியவர்கள் பேசுவதை எழுதித் தருவார்கள். ஆகவே முதல் நாளில் நான் தலைப்பைச் சொல்வதே இல்லை. 'சென்ற கோடையில் உன் வீட்டில் யாருடைய அன்றாடம் மாறியது?' என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, பதில்களை உரைநடையில் எழுதச் சொல்வேன். எதுகை வேண்டாம், உவமை வேண்டாம், கருத்தும் வேண்டாம். யார், எப்போது, என்ன செய்தார், இப்போது என்ன செய்கிறார் என்பது மட்டும் போதும்.

ஒரு பெண் இப்படி எழுதினாள்: 'பாட்டி மதியத்தில் வாசலுக்கு வருவதில்லை. நாங்கள் சாயங்காலம் விளையாடுவதை விட்டு இருட்டிய பிறகு விளையாடுகிறோம். மரத்தடியில் நின்றாலும் சுடுகிறது.' கருத்து ஒன்றும் இல்லாத மூன்று வாக்கியங்கள். இவற்றை அவள் சந்தத்துக்குள் கொண்டுவந்தபோது கிடைத்தது இது:

வாசல் மரத்து நிழலும் சுடுது,
வாடிக் கிடக்குறா பாட்டி உள்ளே;
மாலை ஆட்டம் இரவுக்கு மாறுது,
மூடிக் கிடக்குது பகலின் கதவு.

'வாடி' என்ற சொல்லுக்கு எதுகை தேடிக்கொண்டிருந்தபோதுதான் 'மூடி' வந்தது. 'மூடி' வந்த பிறகுதான் மூடிக் கிடப்பது எது என்று யோசித்து, பகல் முழுவதுமே தங்களுக்கு மூடப்பட்டுவிட்டது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தாள். உரைநடையில் எழுதியபோது அந்த எண்ணம் அவளிடம் இல்லை. பாட்டு எழுத வைப்பதன் பயன் எனக்கு இந்த இடத்தில்தான் தெரிகிறது. முன்பே தெரிந்த கருத்துக்கு ஓசை பூசுவதாக இருந்தால் அதற்கு ஒரு மாதம் தேவையில்லை. ஓசையின் நெருக்கடியில் சொல் தேடும்போது, அதுவரை எண்ணாத ஒன்றை எண்ண நேர்கிறது. யாப்பு தெரிந்த உங்களுக்கு இது புதிதல்ல.

நடைமுறையில் இரண்டு செய்திகள். முதல் இரு வாரங்களுக்குச் சில சொற்களைத் தள்ளி வையுங்கள்: பூமித் தாய், பசுமை, காப்போம், விழித்தெழு, வருங்காலச் சந்ததி. ஏன் தள்ளி வைக்கிறோம் என்பதையும் மாணவர்களிடமே விளக்கிவிடுங்கள். தண்டனையாக அவர்களுக்குத் தோன்றக் கூடாது. அடுத்து, சொல்லுக்கு முன் தத்தகாரத்தைப் பழக்குங்கள். 'தான தந்தன தான தந்தனா' என்று வாயால் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லை இட்டால், செய்தித்தாள் வாக்கியத்தை மடக்கி மடக்கி எழுதிவிட்டுப் பாட்டு என்று நினைக்கும் பழக்கம் போய்விடும். பல்லவியைக் கடைசியில் எழுதட்டும். சரணத்தில் கண்டதை வைத்துத்தான் பல்லவியில் எதைத் திரும்பத் திரும்பச் சொல்வது என்று முடிவெடுக்க முடியும்.

பேச்சுத் தமிழில் எழுதலாமா என்று கேட்பார்கள். தாராளமாக எழுதட்டும்.

வளிமண்டலம்

மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். மூன்றாம் சரணம் அவர்கள் சொன்னதைப் பெரிதும் ஏற்கிறேன். ஆனால் கவனித்ததோடு நின்றுவிட்டால் அது வெயில் பாட்டாகத்தான் இருக்கும், காலநிலை மாற்றப் பாட்டாக ஆகாது. கவனித்ததிலிருந்து காரணத்துக்குப் போகும் வழியை யாராவது திறந்துவிட வேண்டும். அந்த வழி பிழையானதாக இருந்துவிட்டால், பாட்டு என்பதாலேயே அந்தப் பிழை நெடுங்காலம் நிலைத்துவிடும். பாடப்புத்தக வாக்கியம் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். மெட்டோடு மனத்தில் பதிந்த பிழை அவ்வளவு எளிதில் போகாது.

என் மாணவர் ஒருவர் எழுதிய முதல் வடிவம் இது:

சூரியன் கோபம் கூடிப் போச்சு,
ஓசோன் ஓட்டை பெருசா ஆச்சு.

சந்தம் நன்றாக ஓடுகிறது. இரண்டு வரியுமே தவறு. ஓசோன் சிதைவு வேறு சிக்கல். அதற்கான முதன்மைக் காரணம், குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்கள் என்ற வேதிப்பொருள்கள். 1987இன் மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அவற்றின் பயன்பாடு படிப்படியாக நிறுத்தப்பட்டு, ஓசோன் படலம் மெல்ல மீண்டு வருகிறது. புவி வெப்பமாவதற்கு ஓசோன் துளை காரணமல்ல. சூரியனைப் பொறுத்தவரை, செயற்கைக்கோள்கள் நேரடியாக அளந்துவரும் சில பத்தாண்டுகளில் அதன் ஆற்றல் இந்த வெப்ப உயர்வை விளக்கும் அளவுக்குக் கூடவே இல்லை.

அவரிடம் தவறு என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 'வெயில் அடிக்காத இராத்திரியில் ஏன் புழுங்குகிறது?' என்று கேட்டேன். கான்கிரீட் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் விடுகிறது என்றார். நகரத்தில் அது உண்மைதான். ஆனால் 1950க்குப் பிந்தைய உலகப் பதிவுகளை மொத்தமாகப் பார்த்தால், பகலின் அதிகபட்ச வெப்பநிலையை விட இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை வேகமாக உயர்ந்திருக்கிறது. சூரியன்தான் காரணம் என்றால் பகல்தானே முந்த வேண்டும்? வளிமண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்தல்லவா சூடாக வேண்டும்? அந்த மேலடுக்கான அடுக்குமண்டலமோ குளிர்ந்து வருகிறது. கீழே வெப்பம், மேலே குளிர் என்ற இந்தச் சேர்க்கை, வெப்பம் வெளியேறும் வழியில் மறிக்கப்படுவதற்கான அடையாளம். நிலம் அகச்சிவப்புக் கதிர்களாக விண்ணுக்கு அனுப்பும் வெப்பத்தைக் கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் உறிஞ்சி, அதில் ஒரு பகுதியை மீண்டும் கீழ்நோக்கியே விடுகின்றன.

இதைப் பேசிய பிறகு அவர் எழுதியது:

சூரியன் அதேதான், மாறவே இல்லை;
சாய்ந்த பின்னாலும் சூடு ஆறவே இல்லை;
மேலே போகிற வெப்பத்தை மறிச்சு
கீழே அனுப்புது நாம விட்ட புகை.

எனக்கு மிகவும் பிடித்த நான்கு வரிகள். இருந்தும் கடைசிச் சொல்லில் நின்றோம். புகை கண்ணுக்குத் தெரியும். வெப்பத்தை மறிக்கும் முதன்மையான வாயுக்கள் தெரியா. அத்துடன், நிலக்கரி எரியும்போது வரும் கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பியனுப்பி ஓரளவு குளிர்ச்சியையே தருகின்றன. அதனால் 'புகை' என்பது வெறும் தோராயமான சொல்லாக நிற்காமல், கேட்பவரை வேறு திசைக்குத் திருப்பிவிடும். கடைசி வரி 'கீழே அனுப்புது கண்ணில் படாத வாயு' என்று மாறியது. ஓசை சற்றுக் குறைந்தது உண்மைதான். ஆனால் கண்ணில் படாத ஒன்றுதான் இத்தனையும் செய்கிறது என்ற வியப்பு பாட்டுக்குள் வந்தது. அடுத்த சரணத்துக்கான பொருளும் அதிலிருந்தே கிடைத்தது.

மாணவர் வரிகளில் அடிக்கடி வரும் வேறு சில பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். மிதக்கும் கடற்பனி உருகுவதால் கடல்மட்டம் ஏறக்குறைய உயர்வதில்லை. நிலத்தின் மேலுள்ள பனி உருகி ஓடுவதாலும், கடல்நீர் சூடாகி விரிவதாலும் உயர்கிறது. ஒரு வெள்ளத்தைக் காட்டி இது காலநிலை மாற்றத்தால் வந்தது என்று எழுதுவதை விட, அது கூடுதலாகக் கொட்டித் தீர்க்கிறது என்று எழுதுவது சரி. வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். பெய்யும்போது அவ்வளவும் சேர்ந்து பெய்யும். பிளாஸ்டிக் குப்பை பெரிய கேடுதான். ஆனால் இந்தப் பாட்டில் அது மையப் பொருள் ஆகாது.

எண்களைப் பாட்டுக்குள் கொண்டுவர விரும்பும் பிள்ளைகள் இருப்பார்கள். ஒரு பாட்டுக்கு ஓர் எண் போதும். காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா.வின் அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2018இல் வெளியிட்ட சிறப்பு அறிக்கையின்படி, உலகச் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையை விட 1.5 பாகை உயர்ந்தால் வெப்பமண்டலப் பவளத்திட்டுகளில் 70 முதல் 90 விழுக்காடு வரை அழியும். 2 பாகை உயர்ந்தால் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழியும். இடையில் இருப்பது அரைப் பாகை. ஒரு மாணவர் குழு 'அரைப் பாகை' என்ற சொல்லை மட்டும் பல்லவியாக வைத்து எழுதியது. வேறு எந்த எண்ணும் அந்தப் பாட்டுக்குத் தேவைப்படவில்லை.

பத்தொன்பது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு இப்போது 19 வயது. பள்ளியில் படித்தபோது இத்தகைய பயிலரங்கு ஒன்றில் கலந்துகொண்டேன். எழுத வைப்பவர்கள் பேசுகிறீர்கள். எழுதியவர்களின் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பயிலரங்கில் பாட்டு எழுதுவது வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. அரங்கேற்றத்துக்கு முந்தைய வாரம் இரண்டு மாற்றங்கள் செய்யச் சொன்னார்கள். நிதி உதவி செய்தவர்களுக்கு வருத்தம் வரக்கூடும் என்பதால், நிலக்கரியைப் பற்றிய வரியை எடுத்துவிட வேண்டும். கேட்பவர்கள் சோர்வோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்பதால், கடைசிச் சரணத்தில் நம்பிக்கை வர வேண்டும். இரண்டையும் செய்தோம். அன்று மேடையில் நாங்கள் பாடியது எங்கள் பாட்டு அல்ல என்பது பாடிய எல்லோருக்கும் தெரியும். அவையில் இருந்தவர்களுக்கு மட்டும் தெரியாது.

முகம் வாடும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 பேரிடம் 10 நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. காலநிலை மாற்றம் குறித்து மிகுந்த கவலையோ அதைவிடக் கடுமையான கவலையோ கொண்டிருப்பதாக 59 விழுக்காட்டினர் சொன்னார்கள். அந்தக் கவலை தங்கள் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கிறது என்றவர்கள் 45 விழுக்காட்டுக்கும் மேல். அரசுகள் தங்களைக் கைவிட்டுவிட்டன என்ற எண்ணத்தோடு இந்தக் கவலை பின்னிக் கிடக்கிறது என்பதும் அந்த ஆய்வின் முடிவுகளில் ஒன்று. ஆகவே அந்த முக வாட்டம் அறியாமையால் வருவது அல்ல. தேற்றிச் சரிசெய்துவிடக் கூடிய குறையும் அல்ல. அச்சமாக இருக்கிறது என்று ஒருவர் எழுதினால், அந்த வரி அப்படியே நிற்கட்டும். அந்த வயதில் எனக்கு ஆறுதலாக இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் அதே வரியை எழுதியிருந்தாள் என்று தெரிந்துகொண்டதுதான். யாரும் யாரையும் தேற்றவில்லை.

இன்னொன்று. எங்களை எழுதச் சொன்ன பாடல்களில் பாதி 'விளக்கை அணை, குழாயை மூடு' என்று எங்களுக்கே அறிவுரை சொல்வதாக இருந்தன. அணைக்க வேண்டிய விளக்கை அணைக்கட்டும். ஆனால் ஐ.பி.சி.சி.யின் 2022 அறிக்கைப்படி, உலகக் குடும்பங்களில் மிகுதியாக உமிழும் 10 விழுக்காட்டினரே குடும்பங்களின் நுகர்வு சார்ந்த பசுங்குடில் வாயு (வெப்பத்தை மறிக்கும் வாயு) உமிழ்வில் 34 முதல் 45 விழுக்காட்டுக்குப் பொறுப்பு. மிகக் குறைவாக உமிழும் பாதி மக்களின் பங்கு 13 முதல் 15 விழுக்காடு. இதைத் தெரிந்துகொண்ட பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்துக்கும் பாட்டில் இடம் கொடுங்கள். எழுதத் தொடங்கும் முன் 'இந்தப் பாட்டை யாரைப் பார்த்துப் பாடுகிறாய்?' என்று கேளுங்கள். அதற்கு விடை தெரிந்தவர்களுக்கு வரி தானாக வரும்.

மூன்றாம் சரணம் அவர்களிடம் ஒன்றில் மாறுபடுகிறேன். முழக்கச் சொற்களைத் தள்ளி வைப்பது வகுப்புக்குச் சரி. ஊர்வலத்தில் நூறு பேர் சேர்ந்து பாடும்போது, ஒருமுறை கேட்டதும் பிடித்துக்கொள்ளும் வரி வேண்டும். அங்கே 'வாடி', 'மூடி' எல்லாம் எடுபடாது.

சுருதிப்பெட்டி

மெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் நான் சேர்ந்துகொள்கிறேன். சேர்ந்திசைக் குழு ஒன்றைப் பயிற்றுவிக்கிறேன்.

தெரிந்த திரைப்பாடல் மெட்டுக்கு எழுத வைப்பதை முதல் வாரப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அசை பிடிபடுவதற்கு அது உதவும். ஆனால் அரங்கேற்றும்போதும் அதே மெட்டு என்றால், கேட்பவர் மனத்தில் பழைய சொற்களே ஓடும். பதிவு செய்து இணையத்தில் ஏற்றினால் காப்புரிமைச் சிக்கலும் வரும். மாணவர் தத்தகாரம் சொல்லும்போதே அதில் ஏற்ற இறக்கம் இருக்கும். கைப்பேசியில் அதைப் பதிந்து திரும்பப் போட்டுக் காட்டுங்கள். 'இதுதான் உன் மெட்டு' என்றால் முதலில் நம்ப மாட்டார்கள்.

இந்தப் பொருளுக்கென்றே பொருந்தும் ஓர் அமைப்பு உண்டு. ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் டேவிட் கீலிங் என்ற அறிவியலாளர் 1958இல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கினார். அப்போது காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்காக இருந்தது இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அந்த அளவுகளைக் காட்டும் வரைபடத்தின் கோடு நேராக ஏறுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் உச்சத்துக்குப் போகும். வட அரைக்கோளத்துத் தாவரங்கள் தழைத்து வாயுவை உள்வாங்கும் மாதங்களில் இறங்கும். செப்டம்பர் வாக்கில் அடியைத் தொட்டு மறுபடி ஏறும். ஆனால் முந்தைய ஆண்டு தொட்ட அடிக்கு அது திரும்புவதில்லை. இப்போது பல்லவியை நினைத்துப் பாருங்கள். சரணத்துக்குப் போய்ப் போய்ப் பல்லவிக்குத் திரும்புகிறோம். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சுருதியை அரைச்சுரம் ஏற்றிவிடுங்கள். அதே சொல், அதே மெட்டு, இடம் மட்டும் மேலே. நான்காவது முறை பாடும்போது குரல் இழுபறியாகும். அந்த இழுபறி கேட்பவருக்கும் எட்டும். எங்கள் குழுவில் இதைச் செய்து பார்த்தோம். வரைபடத்தைப் பாட்டுக்குப் பிறகுதான் காட்டினேன். 'ஓ' என்று ஒரே குரலில் சொன்னார்கள். அதன் பிறகு ஏன் இறங்குகிறது, ஏன் முழுதாக இறங்கவில்லை என்று அவர்களே கேட்கத் தொடங்கினார்கள்.

சொல்லே இல்லாமல் செய்தவர்களும் உண்டு. மினசோட்டா பல்கலைக்கழக மாணவராக இருந்த டேனியல் க்ராஃபோர்டு, 1880 முதல் 2012 வரையிலான உலகச் சராசரி வெப்பநிலையை, ஆண்டுக்கு ஒரு சுரமாகச் செல்லோ என்ற நரம்பிசைக் கருவியில் வாசித்தார். 2013இல் அது வெளியானது. மிகக் குளிர்ந்த ஆண்டுக்குக் கருவியின் மிகத் தாழ்ந்த சுரம். அங்கிருந்து ஒவ்வோர் அரைச்சுரமும் ஏறத்தாழ 0.03 பாகை. எழுத வராது என்று ஒதுங்கும் பிள்ளைகளுக்கு இத்தகைய வேலையைக் கொடுக்கலாம். உங்கள் பகுதியின் வெப்பநிலைப் பதிவுகளை எடுத்து, எந்த எண்ணுக்கு எந்தச் சுரம் என்று அவர்களே விதி வகுக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை: 14, 15 வயதில் பையன்களுக்குக் குரல் உடையும். பல்லவியை ஐந்தாறு சுரங்களுக்குள் அடக்கி, தாழ்ந்த சுருதியில் தொடங்குங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் முறைக்குள்ளேயே கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்வார்கள். தனிக்குரலாகப் பாட யாரையும் வற்புறுத்த வேண்டாம். சேர்ந்து பாடும்போது அறிமுகமில்லாதவர்கள்கூட விரைவில் நெருங்கிவிடுகிறார்கள். பத்தொன்பது சொன்ன அந்தப் பக்கத்து இருக்கைத் துணை அப்படித்தான் உருவாகிறது.

வகுப்பறைக்கு வெளியே

நான் கேட்டதை விடப் பல மடங்கு கிடைத்திருக்கிறது. அனைவருக்கும் என் நன்றி. பத்தொன்பது, உங்கள் மடலைப் பலமுறை படித்தேன். எங்கள் பயிலரங்குக்கும் நிதி தருபவர் ஒருவர் இருக்கிறார். வரிகளில் கை வைக்கப்படாது என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுகிறேன். கிடைக்காவிட்டால் நிதி இல்லாமல் நடத்துவேன். தாளும் ஒரு கைப்பேசியும் தவிர இதற்கு என்ன வேண்டும்?

ஒரே ஒரு தயக்கம் மட்டும் மிச்சம். அவையில் இருக்கப் போகிறவர்கள் பெற்றோர்தான். 'யாரைப் பார்த்துப் பாடுகிறாய்?' என்ற கேள்விக்குப் பிள்ளைகள் வேறு யாரையாவது சொன்னால், அவர்கள் அந்த அரங்கில் இருக்க மாட்டார்களே?

மூன்றாம் சரணம்

அவர்களை அழைத்துப் பாருங்கள். எட்ட முடியாத பெயர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். எட்டக்கூடிய தொலைவில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர் யார் என்று பிள்ளைகளே கண்டறியட்டும். பள்ளி நிர்வாகத்தில் ஒருவராக இருக்கலாம், உள்ளாட்சி உறுப்பினராக இருக்கலாம், பேருந்து வழித்தடங்களை வகுப்பவராக இருக்கலாம். அழைப்புக் கடிதத்தையும் அவர்களே எழுதட்டும். வந்தால் முதல் வரிசையில் அமர்த்துங்கள். வராவிட்டால், அந்த நாற்காலியைப் பார்த்தே பாடலாம். பெற்றோருக்கும் அது புரியும். பாடல் முடிந்ததும் எழுதியவர் அவையை நோக்கி ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்விக்கு யாராவது விடை சொல்லியாக வேண்டும் என்ற நிலை வரும்போது, வெறும் கைதட்டலோடு எழுந்து போக முடியாது.

பத்தொன்பதுக்கு: ஊர்வல வரி குறித்து நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். சரணங்களை எழுதி முடித்த குழுவிடம் தள்ளி வைத்த சொற்களைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பாட்டியின் பகல் மூடிக் கிடப்பதை எழுதியவள் அதன் பிறகு 'விழித்தெழு' என்று எழுதினால், அதை யாருக்குச் சொல்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

வளிமண்டலம்

ஒரு வேண்டுகோள். மாணவர்கள் எழுதி முடித்ததும், பயிற்சியில் சுருதி சேர்ந்து வரிகள் நாக்கில் ஊறிவிடுவதற்கு முன்பு, இரண்டாம் வார இறுதிக்குள் அவற்றை இங்கே இடுங்கள். எழுதியவர் பெயர் வேண்டாம். காரணம் சொல்லும் வரிகளை மட்டும் நான் பார்த்துச் சொல்கிறேன். கோபத்தையும் அச்சத்தையும் சொல்லும் வரிகளில் நான் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.